அந்நியபாஷை அபிஷேகத்துக்காகக் காத்திருக்கப் போகிறவர்களுக்கு: முதல் கூட்டத்துக்கு முன்னும் பின்னும்

பெந்தெகொஸ்தே சபைக்குப் புதிதாக வந்து சில மாதங்கள் ஆனதும், "அபிஷேகம் பெற்றுக்கொண்டீர்களா?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். பரிசுத்த ஆவியால் நிரப்பப்பட்டு, அந்நியபாஷையில், அதாவது கற்காத, தனக்கே புரியாத சொற்களில், ஜெபிக்கத் தொடங்கிவிட்டீர்களா என்பதே அந்தக் கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் அன்போடுதான் கேட்கிறார். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போவது, எதை எடுத்துக்கொண்டு போவது, எவ்வளவு காலம் ஆகும், பணம் ஏதேனும் கட்ட வேண்டுமா, தலையில் கை வைக்கும் எல்லாருக்கும் இசைந்து கொடுக்க வேண்டுமா என்பவற்றை ஒரே இடத்தில் அமர்ந்து எடுத்துச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. இவை ஒவ்வொன்றையும் நான் வெவ்வேறு இடங்களில் விசாரித்து, சில இடங்களில் மனம் நொந்து திரும்பிய பிறகே தெரிந்துகொள்ள முடிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அந்நியபாஷை வரம் இன்றும் கொடுக்கப்படுகிறது என்பதே என் விசுவாசம். அந்த விசுவாசத்தில் நின்றுதான் எச்சரிக்கைகளையும் சொல்கிறேன்.

1. உங்கள் சபை என்ன போதிக்கிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்

அசெம்பிளீஸ் ஆஃப் காட் போன்ற சபைகள், ஆவியின் அபிஷேகம் என்பது இரட்சிப்புக்குப் பின் தனியாகப் பெறும் அனுபவம் என்றும், அந்நியபாஷையே அதன் முதல் வெளியடையாளம் என்றும் போதிக்கின்றன. தென்னிந்தியத் திருச்சபையில் அந்நியபாஷை திடப்படுத்தலுக்கோ (சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கு) திருவிருந்துக்கோ நிபந்தனையல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் அருங்கொடை ஜெபக் குழுக்களில் அது பல வரங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. சகோதரர் சபைகள் பலவற்றில் அந்த வரம் அப்போஸ்தலரின் காலத்தோடு நின்றுவிட்டது என்பார்கள்.

ஆகவே போதகரைத் தனியாகச் சந்தித்து இவற்றைக் கேளுங்கள். அந்நியபாஷை பேசாதவர் இந்தச் சபையில் திருவிருந்தில் பங்கெடுக்கலாமா, பாடல் குழுவிலோ ஓய்வுநாள் பள்ளியிலோ ஊழியம் செய்யலாமா? கூட்டத்தில் ஒருவர் சத்தமாக அந்நியபாஷையில் பேசினால் அர்த்தம் சொல்லுகிறவர் உண்டா? கை வைத்து ஜெபிப்பவர்கள் யார், பெண்களுக்குப் பெண்கள் ஜெபிப்பார்களா? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லும் போதகரை நம்பிப் பின்தொடரலாம். "கேள்வி கேட்டால் அபிஷேகம் தடைபடும்" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் உங்கள் தலையைக் குனிந்து கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

அந்நியபாஷை பேசாதவர் இரட்சிக்கப்படவே இல்லை என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள். அந்நியபாஷையை அபிஷேகத்தின் அடையாளமாக வற்புறுத்தும் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபைகூட அதை இரட்சிப்பின் நிபந்தனையாகப் போதிப்பதில்லை.

2. கூட்டத்துக்கு முன் ஒரு வாரம் வேதப்பகுதிகளை வாசியுங்கள்

அப்போஸ்தலர் நடபடிகளில் 2, 8, 10, 19 ஆகிய அதிகாரங்களையும், 1 கொரிந்தியரில் 12 முதல் 14 வரையும் நாளுக்கு ஒரு அதிகாரமாக வாசித்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பிரசங்கத்தில் கேட்ட வசனங்களை மட்டும் திருப்பிப் பார்க்காமல், அதிகாரம் முழுவதையும் வாசிப்பது முக்கியம். ஏனென்றால் புதியவர்களைக் குழப்பும் பல பேச்சுகளுக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

ஒரே ஒழுங்கில்தான் ஆவியானவர் இறங்குவார் என்பது அப்படிப்பட்ட பேச்சுகளில் ஒன்று. எருசலேமில் சீஷர்கள் நாட்கணக்கில் காத்திருந்தார்கள். சமாரியாவில் பேதுருவும் யோவானும் கைகளை வைத்தபோது பெற்றுக்கொண்டார்கள். அங்கே அந்நியபாஷை பேசியதாக எழுதப்படவில்லை. செசரியாவில் கொர்நேலியுவின் வீட்டில் பேதுரு பேசி முடிக்கும் முன்னே ஆவியானவர் இறங்கினார். தண்ணீர் ஞானஸ்நானம் அதன் பின்புதான் நடந்தது. எபேசுவில் ஏறக்குறைய 12 பேர் முதலில் ஞானஸ்நானம் பெற்று, பவுல் கைகளை வைத்தபோது அந்நியபாஷைகளைப் பேசித் தீர்க்கதரிசனமும் சொன்னார்கள். "இத்தனை நாள் உபவாசம், இத்தனை முறை ஸ்தோத்திரபலி (துதி வார்த்தைகளை வரிசையாகச் சொல்வது), அதன்பின் அபிஷேகம்" என்று அட்டவணை போட்டுக் கொடுப்பவரிடம் இந்த நான்கு அதிகாரங்களையும் திறந்து காட்டலாம்.

1 கொரிந்தியர் 14-ஐ மட்டும் இரண்டு முறை வாசியுங்கள். அந்நியபாஷையில் பேசுகிறவன் தேவனோடு பேசுகிறான், தனக்கே பக்திவிருத்தி உண்டாக்குகிறான் என்று சொல்லும் அதே பவுல், சபையிலே அந்நியபாஷையில் பதினாயிரம் வார்த்தைகளைப் பேசுவதைவிட மற்றவர்களுக்கு விளங்கும்படி ஐந்து வார்த்தைகளைப் பேசுவதையே விரும்புவேன் என்கிறார். சபையில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒவ்வொருவராகப் பேச வேண்டும்; அர்த்தம் சொல்லுகிறவன் இல்லாவிட்டால் பேசாமலிருந்து, தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேச வேண்டும் என்கிறார். முடிவில், அந்நியபாஷைகளைப் பேசுகிறதற்குத் தடைசெய்யவும் கூடாது என்கிறார். இந்த இரு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால், எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் நீங்கள் தடுமாற மாட்டீர்கள்.

3. எந்தக் கூட்டம், எந்த நேரம்

முதல் முறை செல்பவர்களுக்கு ஏற்றது, உங்கள் சொந்தச் சபையிலேயே நடக்கும் காத்திருப்புக் கூட்டம் (அபிஷேகத்துக்காகவே கூடி ஜெபிக்கும் கூட்டம்) அல்லது வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். பகலில் நடக்கும், ஆட்கள் குறைவாக இருப்பார்கள், ஜெபிப்பவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். முழு இரவு ஜெபத்துக்குச் செல்வதானால் முன்னதாகவே தூங்கி எழுந்து, மறுநாள் காலையில் வேலைக்கோ தேர்வுக்கோ போக வேண்டியிராத நாளைத் தேர்ந்தெடுங்கள். பெண்களும் தனியாக வருபவர்களும் விடியற்காலையில் வீடு திரும்பப் பேருந்து உண்டா, துணைக்கு ஆள் உண்டா என்பதை முந்திய நாளே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஆண்டில் ஒரு முறை கிடைக்கும் நல்ல வாய்ப்பு, கிறிஸ்து பரமேறிய நாளுக்கும் பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கும் இடைப்பட்ட 10 நாட்கள். பல சபைகள் அந்த நாட்களில் மாலைதோறும் காத்திருப்பு ஜெபம் வைக்கின்றன. உயிர்த்தெழுதல் ஞாயிறிலிருந்து அந்த ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் 50-ஆம் நாள் பெந்தெகொஸ்தே வரும். 2027-இல் அது மே 16. கோடை விடுமுறைக் காலமாக இருப்பதால், வெளியூர் முகாம்களுக்குச் செல்வதானால் இரயில் பயணச்சீட்டை இரண்டு மாதங்களுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

எவ்வளவு காலம் ஆகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு யாராலும் நாள் குறிக்க முடியாது. முதல் கூட்டத்திலேயே பெற்றுக்கொண்டவர்களையும், ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது பெற்றுக்கொண்ட ஒரு மூத்த சகோதரியையும் எனக்குத் தெரியும். "மூன்றே நாளில் அபிஷேகம் நிச்சயம்" என்று சுவரொட்டி அடித்திருந்தால், அந்த முகாமுக்குப் போக வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

4. ஆவணங்களும் படிவங்களும்

உள்ளூர்க் கூட்டத்துக்கு வேதாகமமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். தங்கி ஜெபிக்கும் முகாமுக்கோ தியான இல்லத்துக்கோ செல்வதானால் ஆதார் அட்டையின் நகல், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் தொலைபேசி எண், எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். வேறு சபையார் நடத்தும் முகாமானால், உங்கள் போதகரிடமிருந்து அறிமுகக் கடிதம் கேட்பார்கள். கடைசி நேரத்தில் அலையாமல் ஒரு வாரம் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களைப் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அனுப்பக் கூடாது.

பதிவுப் படிவத்தைக் கையெழுத்திடும் முன் முழுவதும் வாசியுங்கள். உங்கள் ஜெபத்தையும் சாட்சியையும் காணொளியாக எடுத்து வெளியிடுவதற்கான சம்மதம் சில படிவங்களில் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அழுதுகொண்டு ஜெபிக்கும் முகம் ஊர் முழுவதும் கைப்பேசியில் சுற்றுவதை நீங்கள் விரும்பாவிட்டால், அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்திடுங்கள். அடிக்க விடாவிட்டால் வேறு கூட்டத்தைத் தேடுங்கள்.

அபிஷேகத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தாக வேண்டும் என்று சில இடங்களில் சொல்வார்கள். ஞானஸ்நானம் கர்த்தருடைய கட்டளை. ஆனால் அது ஒரு முகாமின் இரண்டாம் நாள் மாலையில் உணர்ச்சிப்பெருக்கில் எடுக்க வேண்டிய முடிவல்ல. ஞானஸ்நானச் சான்றிதழுக்குச் சட்ட விளைவுகளும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவார்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஞானஸ்நானம் பெற்று முறையாகத் தேவாலயத்துக்குச் சென்று வந்த ஒருவர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோர முடியாது என்று, புதுச்சேரியிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. இந்தச் சமூகங்களிலிருந்து வரும் புதிய விசுவாசிகளுக்கு இதை முன்கூட்டியே சொல்வது சபையின் கடமை. விசுவாசத்துக்காக இழக்க ஆயத்தமாக இருப்பவர்கள்கூட எதை இழக்கிறோம் என்று அறிந்தே இழக்க வேண்டும்.

5. செலவு

காத்திருப்புக் கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. காணிக்கைப் பை வரும். போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். தங்கும் முகாம்களில் உணவுக்கும் இடத்துக்கும் ஒரு தொகை வாங்குவது நியாயமே. அதற்கு ரசீது கேட்பதும் நியாயமே. பயணச் செலவு, பாய், போர்வை, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றோடு உங்கள் செலவு முடிந்துவிட வேண்டும்.

அபிஷேகத் தைலம், ஜெபித்த கைக்குட்டை, "விதை காணிக்கை" (பல மடங்கு ஆசீர்வாதமாகத் திரும்பும் என்று சொல்லி வாங்கும் பணம்), தலையில் தனியாகக் கை வைத்து ஜெபிக்க ஒரு தொகை என்று கேட்கத் தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆவியானவரை அருளும் அதிகாரத்தைப் பணம் கொடுத்து வாங்க நினைத்த சீமோனைப் பேதுரு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது நீங்கள் ஏற்கெனவே வாசித்திருக்கும் அப்போஸ்தலர் 8-இல் இருக்கிறது. வாங்குவது பாவமென்றால் விற்பதும் பாவம்தான். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ காணிக்கை செலுத்தும்படி சொல்லும் ஊழியம் எதுவாயினும், அதில் எவ்வளவு வரங்கள் விளங்கினாலும், உங்களுக்கு வேண்டாம்.

6. உபவாசமும் உடல்நிலையும்

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுநேரம் இருந்தால் சர்க்கரையின் அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் உபவாசத்தைத் தவிர்க்கலாம். அதற்காகக் குற்றமனம் கொள்ள வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் தூக்கமின்மையே வலிப்பைத் தூண்டும் என்பதால் முழு இரவு ஜெபம் ஏற்றதல்ல.

மனநல மருந்து எடுப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: யார் சொன்னாலும் மருந்தை நிறுத்தாதீர்கள். தூக்கமில்லாத இரவுகளும் உரத்த இசையும் சிலருக்கு நோயைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். கூட்டம் முடிந்து நாட்கள் சென்ற பிறகும் ஒருவர் தூங்காமல், நிறுத்தாமல் பேசிக்கொண்டும் அஞ்சிக்கொண்டும் இருந்தால், அதை அபிஷேகம் என்று கொண்டாடவும் வேண்டாம், பிசாசு என்று துரத்தவும் வேண்டாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் தமிழிலும் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

7. கூட்டத்தில் என்ன நடக்கும்

நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பாய் விரித்திருப்பார்கள். பெண்கள் முக்காடிட்டு ஒரு பக்கமும் ஆண்கள் மறு பக்கமும் முழங்காற்படியிடுவார்கள். சில பாடல்கள், ஒரு சிறிய செய்தி, பிறகு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று தொடங்கும் துதி மெல்ல மெல்ல உயர்ந்து, தமிழும் அந்நியபாஷையும் கலந்த ஒரே சத்தமாக அறையை நிரப்பிவிடும். அருகிலிருப்பவர் அழலாம், நடுங்கலாம், எழுந்து நிற்கலாம். முதல் முறை கேட்பவர்களுக்குப் பயமாக இருப்பது இயல்பு. கதவுக்கு அருகில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்; ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் உட்கார வேண்டாம்.

உங்கள் வேலை எளியது. கண்களை மூடி, உங்களுக்குத் தெரிந்த தமிழில் கர்த்தரைத் துதியுங்கள். அறிக்கையிட வேண்டிய பாவம் நினைவுக்கு வந்தால் மனதுக்குள் அறிக்கையிடுங்கள். பிதாவானவர் தம்மிடத்தில் வேண்டிக்கொள்ளுகிறவர்களுக்குப் பரிசுத்த ஆவியைக் கொடுப்பது நிச்சயம் என்று லூக்கா 11-இல் இயேசு சொன்னதை நினைத்து, பிள்ளை கேட்பதைப்போலக் கேளுங்கள். துதித்துக்கொண்டிருக்கும்போதே உங்களுக்குப் புரியாத சொற்கள் நாவில் எழும்பினால் தடுக்காதீர்கள். அவை எழும்பாவிட்டால் உருவாக்காதீர்கள்.

இந்தக் கடைசி வரிக்குக் காரணம் உண்டு. நான் சென்ற ஒரு முகாமில் எங்களை வரிசையாக நிறுத்தி, "அல்லேலூயா" என்பதை நாக்கு குழறும்வரை வேகமாகச் சொல்லும்படி ஒலிவாங்கியை ஒவ்வொருவர் வாயருகிலும் நீட்டினார்கள். பக்கத்தில் நின்ற பள்ளி மாணவிக்குச் சொல் குழறியதும் "இதோ, பெற்றுக்கொண்டாள்!" என்று அறிவித்தார்கள். அவள் திரும்பி என்னிடம், "அக்கா, இதுதானா அது?" என்று கேட்டாள். பெற்றுக்கொண்டவர்கள் இத்தனை பேர் என்று மேடையில் எண்ணிக்கை வாசிக்கப்பட்டபோது அவளும் அதில் ஒருத்தி. அந்தப் பிள்ளைக்கு அன்று வரமும் கிடைக்கவில்லை, தனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லும் உரிமையும் போய்விட்டது. சொல்லிக் கொடுக்கப்படும் அசைகளை நீங்கள் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. "நான் காத்திருக்கிறேன், ஐயா" என்று மரியாதையாகச் சொன்னால் போதும்.

நெற்றியைப் பிடித்துத் தள்ளுகிறவர்களும் உண்டு. கால்களை ஊன்றி நில்லுங்கள். விழவில்லை என்பதற்காக ஆவியானவரை எதிர்த்ததாகாது. தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கின்றன என்று பவுல் எழுதியிருக்க, "என்னைக் கட்டுப்படுத்த முடியவில்லை" என்பது ஒழுங்கீனத்துக்குச் சாக்காக முடியாது.

8. பேச்சு வந்தால், வராவிட்டால்

வந்தால், அன்றிரவே சாட்சி சொல்ல மேடை ஏற வேண்டாம். தேதியையும், எதற்காக ஜெபித்துக்கொண்டிருந்தீர்கள் என்பதையும் நோட்டில் எழுதி, ஒன்றிரண்டு வாரங்கள் வீட்டில் தனியாக அப்படி ஜெபித்துப் பாருங்கள்; பிறகு போதகரிடம் சொல்லுங்கள். சில நாட்கள் கழித்து, "நானே உளறுகிறேனோ" என்ற சந்தேகம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வருகிறது. சத்தத்தின் அழகை வைத்து அதைத் தீர்க்க முடியாது. வீட்டாரோடு பேசும் விதத்தில் பொறுமை கூடுகிறதா, வேதத்தின்மேல் பசி உண்டாகிறதா என்று கவனியுங்கள்.

வராவிட்டால், "உன்னிடம் மறைவான பாவம் இருக்கிறது" என்று சொல்லும் குரல் வெளியிலிருந்தோ உள்ளிருந்தோ வரும். எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா என்று 1 கொரிந்தியர் 12-இன் இறுதியில் பவுல் கேட்கும் கேள்விக்கு, இல்லை என்பதே அந்த இடத்தில் பொருந்தும் பதில். அந்நியபாஷையை அபிஷேகத்தின் அடையாளமாகப் போதிக்கும் சபைகளில், அந்த வசனம் சபைக் கூட்டத்தில் பேசும் வரத்தைப் பற்றியது மட்டுமே என்று விளக்குவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியாயினும், கொடுக்கிறவர் கர்த்தர் என்பதால் கொடுக்கப்படாததற்கு உங்களைக் குற்றவாளியாக்க எவருக்கும் அதிகாரமில்லை.

9. வீட்டில் ஆவியில் ஜெபிப்பது

ஆவியில் ஜெபிப்பது அந்நியபாஷையோடு முடிந்துவிடுவதில்லை. அந்நியபாஷை பெறாதவர்களும் இன்றிரவே இதைத் தொடங்கலாம். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்து, அதே வார்த்தைகளைக் கொண்டு நன்றி சொல்லுங்கள். பிறகு ஜெபக்குறிப்புகளை எடுக்காமல் சில நிமிடங்கள் அமைதியாக இருங்கள். அப்போது ஒருவருடைய பெயரோ முகமோ பாரமாக மனதில் எழுந்தால் அவருக்காக ஜெபியுங்கள். என்ன கேட்பதென்று தெரியாத வேளையில் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே வேண்டுதல் செய்கிறார் என்ற ரோமர் 8:26 இந்த இடத்துக்கே உரியது. பெருமூச்சும் கண்ணீரும்கூட ஜெபமாக ஏற்கப்படுகின்றன. அந்நியபாஷை உள்ளவர்கள் அதிலும் ஜெபித்து, மறுபடியும் தமிழுக்குத் திரும்பி முடியுங்கள். ஆவியோடும் கருத்தோடும் விண்ணப்பம்பண்ணுவேன் என்று பவுல் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதிகாலை நான்கு மணிக்குக் குரலை உயர்த்த வேண்டாம். வீட்டில் விசுவாசத்துக்கு வராதவர்கள் இருந்தால் அவர்களுடைய தூக்கத்தையும் மதியுங்கள்.

10. "ஆவியானவர் சொன்னார்" என்று வரும் வார்த்தைகள்

அபிஷேகத்தை நாடுகிறீர்கள் என்று தெரிந்ததும், உங்களைக் குறித்த வெளிப்பாடுகளோடு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். ஆறுதல் சொல்லும் வார்த்தையை நன்றியோடு பெற்றுக்கொள்ளுங்கள். யாரை மணக்க வேண்டும், எந்த வேலையை விட வேண்டும், எந்த நிலத்தை விற்க வேண்டும், எந்தச் சிகிச்சையை நிறுத்த வேண்டும் என்று கட்டளையிடும் வார்த்தையை மட்டும் சொன்னவருடைய பெயரோடும் தேதியோடும் நோட்டில் எழுதி வையுங்கள். அதை வேதத்தோடு ஒப்பிட்டு, உங்களால் லாபமோ நஷ்டமோ அடையாத இரண்டு முதிர்ந்த விசுவாசிகளிடம் காட்டுங்கள். ஒரு மாதமாவது கையெழுத்தோ பணமோ கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பது தெசலோனிக்கேயருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. அதற்குச் சற்று முன்புதான் ஆவியை அவித்துப்போடாதிருங்கள் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. சோதிக்க நேரம் கொடுக்காமல் "இன்றைக்கே கீழ்ப்படி" என்று ஒருவர் நெருக்கினால், அந்த வார்த்தையை உங்கள் போதகர் முன்னிலையில் திரும்பச் சொல்லும்படி கேளுங்கள். அவர் அதற்கு மறுத்தால், அந்தக் குறிப்புக்கு எதிரே அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.